கொழுந்தன் டெண்டர் போடுகிறார். துணைத் தலைவர் கையெழுத்து போடலாமா?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சியின் துணைத் தலைவராக இருக்கிறேன். என் கொழுந்தன் ஒப்பந்ததாரர். எங்கள் ஊராட்சியில் வரப்போகும் பேவர் பிளாக் சாலை வேலைக்கு டெண்டர் போடப் போவதாகச் சொல்கிறார். நாங்கள் தனிக்குடித்தனம்தான். ஆனால் என் கணவரின் ஜேசிபியைத்தான் அவர் தன் வேலைகளுக்கு வாடகைக்கு எடுப்பார். அவர் டெண்டர் போடலாமா? தீர்மானத்தில் நான் கையெழுத்து போடலாமா? போன வருஷம் அவர் செய்த ஒரு சின்னக் குடிநீர்க் குழாய் வேலைக்குத் தலைவரும் நானும் சேர்ந்துதான் பணம் விடுவித்தோம். அதில் சிக்கல் வருமா?

பதில்: கொழுந்தன் டெண்டர் போடுகிறார் என்பதை மட்டும் வைத்து உங்கள் பதவிக்கு ஆபத்து வராது. என்னைக் கவலைப்பட வைப்பது அந்த ஜேசிபி.

ஊராட்சியோடு நடப்பில் இருக்கும் ஒப்பந்தத்திலோ, ஊராட்சிக்காக நடக்கும் வேலையிலோ ஒருவருக்கு ஆதாயத் தொடர்பு இருந்தால் அவர் உறுப்பினராக இருக்கத் தகுதியில்லை என்கிறது 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். ஒரு கம்பெனியில் வெறும் பங்குதாரராக இருப்பவருக்கு விலக்கு உண்டு. இயக்குநராக இருப்பவருக்குக் கிடையாது. ஆகவே ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதோடு கேள்வி முடிந்துவிடாது. பணம் கடைசியில் எந்த வீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்றும் பார்ப்பார்கள். பேவர் பிளாக் பதிக்கும் முன் மண்ணை வெட்டிச் சமப்படுத்த உங்கள் கணவரின் வண்டி வருகிறது, அதற்கு வாடகை வருகிறது என்றால், ஊராட்சிப் பணத்தில் ஒரு பகுதி உங்கள் வீட்டுக்கு வருகிறது என்றுதான் பொருள்.

இன்றைக்கே ஒன்றைப் பாருங்கள். அந்த ஜேசிபிக்கு வாங்கிய கடனில் நீங்கள் இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்து போட்டிருக்கிறீர்களா? வாடகை வரும் வங்கிக் கணக்கில் உங்கள் பெயரும் இருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும், ‘அது என் கணவரின் தொழில், எனக்குச் சம்பந்தமில்லை’ என்ற வாதம் நிற்பது கடினம். அப்படியானால் கொழுந்தன் உங்கள் ஊராட்சியை விட்டுவிட்டு வேறு ஊராட்சிகளில் வேலை எடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அவருக்கு வேலை கிடைக்க எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. உங்களை நம்பி ஓட்டுப் போட்டது இந்த ஒரு ஊர்தான்.

அவர் போட்டே தீருவேன் என்றால், குறைந்தபட்சம் ஜேசிபி இந்த வேலைக்குள் வரக்கூடாது. நீங்களும் விலக வேண்டும். விலகுவது என்றால் நம் ஊர்களில் பலரும் தீர்மானத்தன்று கூட்டத்துக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். அது போதாது. தனக்கோ தன் தொழில் கூட்டாளிக்கோ நேரடியாகவோ மறைமுகமாகவோ பண ஆதாயம் உள்ள விஷயத்தில் உறுப்பினர் விவாதிக்கவும் கூடாது, வாக்களிக்கவும் கூடாது என்பது சட்டம். ஏன் விலகினார் என்பது பதிவாக வேண்டும். பேசாமல் வராமல் இருந்தால் தீர்மானப் புத்தகத்தில் ‘வருகை தரவில்லை’ என்று மட்டும்தான் இருக்கும்; தணிக்கைக்கு வருபவருக்கு அதிலிருந்து எதுவும் தெரியாது. கூட்டத்துக்குப் போங்கள். அந்தப் பொருள் எடுக்கப்படும் முன் எழுந்து, இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘இப்பணிக்கு ஒப்பந்தப்புள்ளி அளிக்க உள்ளவர் என் கணவரின் தம்பி என்பதால், இப்பொருள் மீதான விவாதத்திலும் முடிவிலும் நான் பங்கேற்கவில்லை.’ பிறகு வெளியே போங்கள். மறுநாள் அந்தப் பக்கத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்மானம் முதல் படிதான். எஸ்டிமேட், டெண்டர் திறப்பு, பணி ஆணை, எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) முடிந்த வேலையின் அளவு எழுதுவது, பில் என்று வரிசையாக வரும். அளவெடுக்க ஓவர்சியர் வரும்போது நீங்கள் அந்தத் தெருவில் நிற்கக்கூடாது. ‘நம்ம வீட்டு ஆள்தான், பில்லைச் சீக்கிரம் போட்டு விடுங்க’ என்று ஊராட்சிச் செயலரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தீர்மானத்தில் விலகியதற்கு அர்த்தமில்லாமல் போய்விடும். வேலையைச் சிறு சிறு மதிப்பீடுகளாகப் பிரித்து டெண்டரைத் தவிர்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்த இடத்திலேயே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள்.

உங்களுக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. சட்டத்தின் 188-வது பிரிவுப்படி ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும். இருவரில் ஒருவர் இல்லாதபோது, ஊராட்சி தீர்மானத்தின் மூலம் அதிகாரம் பெற்ற வேறொரு உறுப்பினர் கையெழுத்திட அந்தப் பிரிவே வழி வைத்திருக்கிறது. இந்த ஒரு வேலைக்கு அதைப் பயன்படுத்தலாமா என்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி) இப்போதே கடிதம் எழுதி, பதிலை எழுத்தில் கேளுங்கள். பில் வந்த பிறகு கேட்டால் பணத்தை நிறுத்துகிறீர்கள் என்ற பழி வரும். எந்த நிலையிலும் டிஜிட்டல் கையொப்பக் கருவியையோ ஓடிபி வரும் போனையோ கணவரிடமோ செயலரிடமோ கொடுத்துவிடாதீர்கள். பெண் பிரதிநிதிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அனுமதித்தது யார் விரலாக இருந்தாலும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்.

இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சின்ன ஊரின் கவுன்சிலர்கூடப் பதவியேற்ற 28 நாளுக்குள் தன் பண நலன்களையும், தனக்குத் தெரிந்தவரை கணவர் அல்லது மனைவியின் பண நலன்களையும் பதிவேட்டில் அறிவிக்க வேண்டும். நியாயமான காரணமின்றி மறைத்தால் குற்ற வழக்கு. நம் ஊராட்சிகளிலும் அப்படியொரு பதிவேடு வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அது வரும்வரை கிராம சபை இருக்கிறது. ஆண்டுக்கு 6 முறை கூடுகிறதே, அடுத்த கூட்டத்தில் நீங்களே இந்த உறவைச் சொல்லிவிடுங்கள். ஊருக்கு எப்படியும் தெரிந்த விஷயம்தான். உங்கள் வாயால் சொன்னதாக அது பதிவாகட்டும்.

இனி போன வருஷத்துக் குழாய் வேலை. கையெழுத்திட்டதாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிடவில்லை. வேலை நடந்திருக்கிறதா, அளவு சரியா, விலை நியாயமா, உங்கள் வீட்டுக்கு அதில் பணம் வந்ததா என்பவைதான் கேள்விகள். ஊழல் தடுப்புச் சட்டம் ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கும் பொருந்தும்; முறைகேடான ஆதாயத்தைத் தனக்காகப் பெற்றாலும் பிறருக்காகப் பெற்றாலும் அதில் வேறுபாடு இல்லை.

பழைய தீர்மானப் புத்தகத்தில் ‘விலகினார்’ என்று இப்போது ஒரு வரி சேர்க்கலாம் என யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்று விளக்கம் சொல்லி முடிக்கக்கூடிய விஷயத்தை அது ஆவண மோசடியாக்கிவிடும். தீர்மான நகல், எம்-புக் நகல், பில், அந்த மாதங்களுக்கான ஜேசிபி வாடகைக் கணக்கு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, உள்ளாட்சி வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர்; அவருக்கு நீங்களே முன்வந்து விளக்கக் கடிதம் கொடுப்பதா, என்ன வாசகத்தில் கொடுப்பது என்பதை அந்தக் காகிதங்களைப் பார்த்த பிறகு வழக்கறிஞர் சொல்லட்டும். புதிய டெண்டர் அறிவிப்பு வருவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.