பேட்டரிக்கு வெயில்தான் எமன்: கார் கேள்வி பதில்

குளிர்லதான் பேட்டரி மக்கர் பண்ணும்னு சொல்வாங்க. என் வண்டி வெயில் ஆரம்பிச்சதுல இருந்து செல்ஃப் எடுக்கவே இழுக்குது. வெயிலுக்கும் பேட்டரிக்கும் என்ன சார் சம்பந்தம்?

குளிர்ல பேட்டரி கொஞ்சம் மந்தமாகும், அவ்ளோதான், சூடு வந்ததும் பழையபடி வேலை செய்யும். வெயில் பண்ற வேலை வேற. உள்ள ஈயத் தகடுங்க இருக்கு, சுத்தி கந்தக அமிலமும் தண்ணியும் கலந்து நிக்குது, சூடு ஏற ஏற அந்த அமிலம் தகட்டத் தாங்குற ஈயச் சட்டத்த வேகமா அரிக்கும், தண்ணியும் கொஞ்சம் கொஞ்சமா காணாமப் போகும். இதுல போனது போனதுதான், திரும்ப வராது. பேட்டரிக்காரங்க தோராயமா ஒரு கணக்கு சொல்வாங்க, 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுசு பாதியாகும்னு. வெளியவே 40 டிகிரின்னா பானெட்டுக்குள்ள என்ன சூடு இருக்கும்னு யோசிச்சுக்கோங்க. கூத்து என்னன்னா வெயில்ல அடி வாங்கின பேட்டரி பல நேரம் வெயில்ல சாகாது, முதல் குளிர் காலைல சாகும், பழி குளிர் மேல விழும். உங்களுக்கு இப்பவே இழுக்குதுன்னா உடனே புதுசு வாங்க ஓடாதீங்க, முதல்ல டெர்மினல், அதாவது பேட்டரி மேல ஒயர் மாட்டுற முனை, டைட்டா இருக்கா, சார்ஜ் ஒழுங்கா ஏறுதான்னு பாருங்க.

பேட்டரில தண்ணி குறைஞ்சிருக்கு. குடிக்கிற மினரல் வாட்டர் சுத்தமாத்தானே இருக்கு, அத ஊத்தலாமா? கூடவே கொஞ்சம் ஆசிட் ஊத்தினா பவர் ஏறும்னு நண்பர் சொல்றார்.

ரெண்டும் வேண்டாம். நமக்கு சுத்தம்னா அது பேட்டரிக்கும் சுத்தம்னு இல்ல, அதுல உப்பு, தாதுலாம் இருக்கும், தகட்டக் கெடுக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஆசிட் விஷயத்துல நண்பர் பேச்ச கேக்கவே கேக்காதீங்க, உள்ள இருந்து போறது தண்ணி மட்டும்தான், ஆசிட் அங்கேயேதான் இருக்கு, மேல மேல ஊத்தினா ஆசிட்டோட வீரியம் ஏறி தகடு இன்னும் சீக்கிரம் அரிச்சுப் போகும்.

ஊத்துறதுலயும் ஒரு முறை இருக்கு. தகடு வெளிய தெரியுதுன்னா அது மூழ்குற அளவுக்கு மட்டும் ஊத்தி, ஃபுல்லா சார்ஜ் ஏத்திட்டு, அப்புறமா மேல் கோடு வரைக்கும் ஊத்துங்க, ஏன்னா சார்ஜ் ஏறும்போது லெவலும் ஏறும், முதல்லயே நிரப்பிட்டா ஆசிட் பொங்கி வெளிய வழியும். இஞ்சின் ஆறினப்புறம் பண்ணுங்க, கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கோங்க, பக்கத்துல சிகரெட் கூடவே கூடாது, பேட்டரில இருந்து வர்ற ஹைட்ரஜன் ஒரு பொறி பட்டா வெடிக்கும்.

இன்னொன்னு, எல்லா செல்லுலயும் (பேட்டரிக்குள்ள இருக்குற தனித்தனி அறை) அடிக்கடி தண்ணி குறையுதுன்னா சார்ஜ் ஓவரா ஏறுதான்னு சந்தேகப்படுங்க. ஒரே ஒரு செல்லு மட்டும் வத்துதுன்னா அந்த செல்லு போச்சு, இல்ல பெட்டில விரிசல். மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரியா இருந்தா மூடிய நெம்பித் திறக்காதீங்க. அதுல மேல பச்சைக் கண்ணு தெரியுதேன்னு நிம்மதியாவும் இருந்துடாதீங்க, இருக்குற 6 செல்லுல ஒரு செல்லோட நிலவரத்தத்தான் அது காட்டுது.

மல்டிமீட்டர் வாங்கிட்டேன். எவ்ளோ காட்டினா நல்ல பேட்டரி?

நல்ல காரியம் பண்ணீங்க. வண்டிய ஆஃப் பண்ணி சில மணி நேரம் கழிச்சு வைங்க, ஓட்டி வந்த உடனே வெச்சா அதிகமா காட்டி ஏமாத்தும். சாதா பேட்டரில 12.6 வோல்ட் பக்கம் இருந்தா ஃபுல், 12.2 பாதி, 12 வந்துட்டா கிட்டத்தட்ட காலி. அப்புறம் இஞ்சின ஓட விட்டுப் பாருங்க, பெரும்பாலும் 13.8ல இருந்து 14.5 வரைக்கும் நிக்கும். புது மாடல் வண்டிங்கள்ல கம்ப்யூட்டர் சார்ஜ ஏத்தி இறக்கும், அதனால கொஞ்ச நேரம் குறைச்சு காட்டினா பயப்படாதீங்க. ஆனா 15ஐ தாண்டி நிக்குது, பானெட்ட திறந்தா அழுகின முட்டை நாத்தம் அடிக்குதுன்னா சார்ஜ் அளவ கட்டுப்படுத்துற வோல்டேஜ் ரெகுலேட்டர பாக்கணும். அத சரி பண்ணாம புது பேட்டரி போட்டா அதையும் அது சேத்து வேக வெச்சிடும்.

இந்த வோல்ட் மட்டுமே போதும்னும் சொல்ல மாட்டேன். 12.6 காட்டிட்டு செல்ஃப் அடிச்சதும் படுத்துக்குற பேட்டரியும் இருக்கு, அதுக்கு லோட் டெஸ்ட், அதாவது பேட்டரிய கனமா வேலை வாங்கி வோல்ட் எவ்ளோ இறங்குதுன்னு பாக்குற சோதனை, பண்ணித்தான் பாக்கணும்.

ஊருக்குப் போனா வண்டி வாரக்கணக்கா நிக்கும். வீட்ல இருக்குறவங்கள தினமும் 5 நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணச் சொல்றேன். சரிதானே?

சரியில்ல, சொல்லப்போனா சும்மா நிக்க விடுறதவிட மோசமாக்கூட ஆகலாம். செல்ஃப் அடிக்க பேட்டரி குடுத்தது வண்டி நிக்க இஞ்சின் மட்டும் ஓடுற அந்த 5 நிமிஷ ஐடில்ல முழுசா திரும்பி வராது, ஐடில்ல பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் குடுக்குறதே கம்மி, அதுல ஏசியும் போட்டு உக்காந்தா கேக்கவே வேண்டாம். யாராவது எடுத்து அரை மணி நேரம் நல்லா ஓட்டிட்டு வரட்டும், இல்லன்னா தானா கட் ஆகுற சார்ஜர் போட்டு வைங்க. சூட்டுல பேட்டரி சும்மா இருந்தாலே வேகமா இறங்கும். இறங்கின நிலையிலயே கிடந்தா தகட்டுல சல்ஃபேட் கெட்டியா படிஞ்சு அப்புறம் சார்ஜே ஏறாது. டேஷ்கேம் நேரா பேட்டரில இருந்து கரண்ட் எடுக்குற மாதிரி மாட்டியிருந்தா கழட்டிட்டுப் போங்க, பல வீட்ல பேட்டரிய முடிக்கிறது அதுதான். நிழல்ல நிறுத்த இடம் இருந்தா அங்க நிறுத்துங்க.

ஏசி போட்டா பேட்டரி தீந்துடுமா?

ஓடுற வண்டில தீராது. சாதா கார்ல ஏசி கம்ப்ரசர சுத்துறது இஞ்சின் பெல்ட்டு. இஞ்சின ஆஃப் பண்ணிட்டு ப்ளோயரும் பாட்டும் ஓட விட்டு யாருக்காகவோ காத்திருக்கோம் பாருங்க, அதுதான் தீக்கும்.

டெர்மினல்ல வெள்ளையா, பச்சையா பூத்துக் கிடக்கு. எப்படி க்ளீன் பண்றது?

முதல்ல நெகட்டிவ கழட்டுங்க, அப்புறம் பாசிட்டிவ், மாட்டும்போது தலைகீழா, நெகட்டிவ் கடைசி. மாத்திப் பண்ணா பாசிட்டிவ்ல இருக்குற ஸ்பேனர் பாடில பட்டு பொறி பறக்கும். சமையல் சோடாவ தண்ணில கரைச்சு பழைய பிரஷ்ல தேய்ங்க, கரைசல் செல்லுக்குள்ள போகக் கூடாது, துடைச்சு காய விட்டு மாட்டிட்டு மேல லேசா வாசலின். பேட்டரிய சுத்தி துணி மாதிரியோ பிளாஸ்டிக்லயோ ஒரு உறை இருந்தா அத கழட்டித் தூக்கிப் போட்டுடாதீங்க, இஞ்சின் சூட்ட தடுக்கத்தான் கம்பெனில போட்டு அனுப்பியிருக்காங்க. பேட்டரிய புடிச்சிருக்குற கிளாம்ப்பும் டைட்டா இருக்கணும், ஆட்டத்துலயே தகடு உதிரும்.

பேட்டரியோட பக்கவாட்டு கொஞ்சம் உப்பின மாதிரி இருக்கு, ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகுது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

வேண்டாங்க. சூட்டுலயும் ஓவர் சார்ஜுலயும் உப்பினது மறுபடி இறங்காது, அதுக்கு சார்ஜர் போடுறதோ ஜம்ப் ஸ்டார்ட் குடுக்குறதோ ஆபத்து. மாத்திடுங்க, மாத்துற அன்னிக்கே சார்ஜிங் வோல்டேஜையும் பாத்துடுங்க. உங்க வண்டில சிக்னல்ல நின்னா தானா ஆஃப் ஆகுற வசதி இருந்தா அதுக்குன்னே வர்ற ஈஎஃப்பி இல்லன்னா ஏஜிஎம் வகை பேட்டரிதான் போடணும், எது வந்துச்சோ அதே வகை. விலை கம்மின்னு சாதா பேட்டரி போட்டுக் குடுக்க வந்தா ஒத்துக்காதீங்க.