தேங்காய் எண்ணெய் தடவின பழைய பார்பிக்கு தலை அலசுறது எப்படி?

ஒரு சிஸ்டர் கேட்டிருந்தாங்க. பரண் சுத்தம் பண்றப்போ அவங்க சின்ன வயசுல விளையாடின, சேலை கட்டின பார்பி கிடைச்சிருக்கு, 90கள்ல அவங்க அப்பா வாங்கிக் குடுத்தது. அப்போ அவங்க அம்மா இவங்களுக்கு எண்ணெய் வெச்சு தலை வாரி விடுறப்போ, இவங்க அதே தேங்காய் எண்ணெயை பொம்மைக்கும் வெச்சு ரெட்டை சடை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டி விட்டிருக்காங்க. இப்போ முடி தேங்காய் நார் மாதிரி திரிஞ்சு கிடக்கு, சிக்கு வாடை அடிக்குது, ரப்பர் பேண்ட் இளகி முடியோட ஒட்டிக்கிச்சு. அஞ்சு வயசு பொண்ணு அதை விடாம கேக்குறாளாம். "சீயக்காய் போட்டு அலசலாமா, ஸ்ட்ரெயிட்னர் வைக்கலாமா, முதுகுல 1966ன்னு இருக்கே அவ்ளோ பழசா, தொட்டா மதிப்பு போயிடுமா"ன்னு நாலு கேள்வி.

முதல்ல அந்த 1966. அது உங்க பொம்மை பொறந்த வருஷம் இல்ல, அந்த உடம்போட அச்சுக்குப் போட்ட காப்பிரைட் வருஷம். இடுப்பு திரும்புற மாதிரி வந்த உடம்புக்கு, பார்பி செய்யுற மேட்டல் கம்பெனி போட்ட அந்த வருஷத்தை 90கள் வரைக்கும் அப்படியே அச்சடிச்சுட்டு வந்தாங்க. தலையைக் கழட்டிப் பார்த்தா கழுத்து ஓரத்துல 1976ன்னு கூட இருக்கலாம், அது முகத்தோட அச்சுக்கு. பக்கத்துல இந்தியான்னு இருந்தா இங்கயே தயாரான பொம்மை. அதனால பயப்படாம கை வைங்க, விளையாடுறதுக்குன்னே வாங்கின பொம்மை, விளையாடட்டும்.

கை வைக்கக் கூடாத பொம்மைங்களும் இருக்கு, வேற யாராச்சும் இதைப் படிச்சா அவங்களுக்காக சொல்றேன். 1959ல பார்பி முதல்ல வந்ததுல இருந்து 60கள் முடியுற வரைக்கும் வந்த பொம்மைங்கள்ல ஃபேக்டரியில செட் பண்ணின கொண்டை, சுருள் கலையாம இருந்தா தண்ணியே காட்டாதீங்க, சேகரிக்கிறவங்க அந்த கலையாத செட்டுக்குத்தான் காசு குடுப்பாங்க, மேல தூசி இருந்தா மெல்லிசான பெயின்ட் பிரஷ்ல தட்டி விட்டா போதும். 1966ல வந்த கலர் மேஜிக் பார்பி முடி நிறம் மாறுறதுக்குன்னே செஞ்சது, அதுல எந்த சோப்பும் முயற்சி பண்ணிப் பாக்காதீங்க. பேசுற பொம்மையா இருந்தா உள்ள மெஷின் இருக்கு, தண்ணி ஆகவே ஆகாது.

இப்போ விஷயத்துக்கு வருவோம். பொம்மை முடி முடியே இல்ல, பிளாஸ்டிக் நூல். இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். நம்ம முடிக்கு எண்ணெய் வெச்சா கொஞ்சமாச்சும் உள்ள இறங்கும், பிளாஸ்டிக்ல எங்க இறங்குறது, மேல படலமா நிக்கும், வருஷக்கணக்கா காத்து பட்டு பட்டு காறிப்போயி பிசினாகும், தூசியெல்லாம் அதுல ஒட்டும். உங்க பொம்மைக்கு நடந்தது இதுதான். முடி கெட்டுப்போகல, முடி மேல எண்ணெய் கெட்டுப்போயிருக்கு. அதனால மனசு விடாதீங்க, இந்த கேஸ் பாக்கத்தான் பயங்கரம், சரி பண்றது ஈஸி.

சீயக்காய், அரப்பு ரெண்டுமே வேண்டாம். தூள் அந்த குட்டி குட்டி வேர் ஓட்டைக்குள்ள போயி உக்காந்துக்கும், எவ்ளோ அலசினாலும் வராது, வெளிர் நிற முடியா இருந்தா பழுப்புக் கறையும் விழும். பாத்திரம் விளக்குற விம் லிக்விட்தான் இதுக்கு சரி, எண்ணெய் பிசுக்கை எடுக்குறதுதானே அதோட வேலை.

முதல் வேலை ரப்பர் பேண்ட். இழுக்காதீங்க, இழுத்தா முடியும் சேர்ந்து வரும். நெயில் கட்டர் செட்ல வர்ற குட்டி கத்திரிக்கோலால முடி படாம வெட்டுங்க, ஒட்டியிருக்கிற துணுக்கு மேல ரெண்டு சொட்டு பேபி ஆயில் விட்டு ஒரு மணி நேரம் விட்டா இளகி உருட்டி எடுக்க வரும். திரும்பவும் எண்ணெயான்னு நினைக்காதீங்க, அடுத்து கழுவத்தான போறோம்.

அப்புறம் சேலையைக் கழட்டி வெச்சுட்டு கழுத்துக்குக் கீழ ஒரு பாலிதீன் கவரைப் போட்டு கட்டுங்க. இது எதுக்குன்னா முட்டி மடங்குற பொம்மைங்களுக்கு காலுக்குள்ள இரும்புக் கம்பி வெச்சிருக்கலாம், தண்ணி இறங்கினா உள்ளயே துருப்பிடிச்சு வெளிய கறை தெரியும், அந்தக் கறை போகாது. பொம்மையை தலைகீழா பிடிச்சு முடி மட்டும் தண்ணியில இருக்கிற மாதிரி வெதுவெதுப்பான தண்ணியில விம் கலந்து அலசுங்க. கசக்காதீங்க, சில்க் சேலை அலசுற மாதிரி மேல இருந்து கீழ விரலால நீவி விடணும். பிசுக்கு ரொம்ப இருந்தா முந்தின நாள் ராத்திரியே சோள மாவை முடியில தூவி ஊற வெச்சு காலையில தட்டிட்டு ஆரம்பிங்க, பாதி எண்ணெயை மாவே குடிச்சிரும். உங்க பொம்மைக்கு மூணு நாலு தண்ணியாவது மாத்த வேண்டியிருக்கும். முதல் தண்ணி டீ நிறத்துல வரும், பாத்து பயந்துறாதீங்க. முகத்துல கை வைக்காதீங்க, கண்ணும் உதடும் பெயின்ட், நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டிலை அந்த ரூம்லயே வைக்காதீங்க.

சிக்கு எடுக்குறதுதான் பொறுமை வேணும்கிற இடம், இதுல அவசரப்பட்டு கெடுத்தவங்கதான் அதிகம். ஈர முடியில சாதா கண்டிஷனர், எது மலிவோ அது, நல்லா தடவுங்க. பிளாஸ்டிக்குக்கு சத்தெல்லாம் சேராது, வழுக்குறதுக்கு மட்டும்தான். சீப்பு உலோகத்துல இருக்கணும், பேன் எடுக்க விக்கிற ஸ்டீல் சீப்பு இருக்குல்ல அதுல பல்லு கொஞ்சம் அகலமானது ஒண்ணு, நெருக்கமானது ஒண்ணு. பிளாஸ்டிக் சீப்பு போட்டா காஞ்ச முடியில கரண்ட் ஏறி ஒவ்வொரு இழையும் நட்டுக்கிட்டு நிக்கும். நுனியில அரை இஞ்ச் சீவுங்க, அது வழுக்கிக்கிட்டு வந்ததும் அதுக்கு மேல அரை இஞ்ச், இப்படியே படிப்படியா மேல போகணும், எடுத்ததும் உச்சியில சீப்பை வெச்சு இழுத்தா சிக்கு எல்லாம் கீழ இறங்கி ஒரே முடிச்சாயிரும்.

பிடரியில, காது பின்னாடி ஒரு கட்டி இருக்கும், சுண்டைக்காய் அளவுக்கு, எல்லா பொம்மைக்கும் அங்கதான் இருக்கும், ஏன்னா பசங்க பொம்மையை படுக்க வெச்சு தேய்க்கிற இடம் அது. அதை சீப்பால தொடாதீங்க. கட்டிக்கு மேல, வேர் பக்கம் இருக்கிற முடியை ஒரு கை விரலால இறுக்கிப் பிடிச்சுக்குங்க, இழுப்பு வேருக்குப் போகக் கூடாது, அப்புறம் சாக்கு தைக்கிற கோணி ஊசியால கட்டியோட ஓரத்துல இருந்து ஒரு தடவைக்கு ரெண்டு மூணு இழையா வெளிய எடுத்து விடுங்க. நடுவுல இருந்து எடுத்தா இறுகும், ஓரத்துல இருந்து எடுத்தா தானா தளரும். நான் ஒரு கட்டிக்கு ஒண்ணரை மணி நேரம் எடுத்திருக்கேன், கடைசி சுத்து அவிழ்ந்து முடி ஊசியில இருந்து நழுவுறப்போ வர்ற நிம்மதி இருக்கே, அதுக்காகவே இந்த வேலை பிடிக்கும் எனக்கு.

கண்டிஷனரை சுத்தமா அலசிருங்க. கம்ஃபோர்ட் மாதிரி துணிக்குப் போடுறதுல ராத்திரி முழுக்க ஊற வைக்கச் சொல்லி நிறைய பேர் சொல்லுவாங்க, முதல் வாரம் பட்டு மாதிரி இருக்கும், சரியா அலசலைன்னா திரும்ப பிசுபிசுன்னு தூசி பிடிக்கும், எனக்கு அதுல இஷ்டம் இல்ல.

இவ்ளோ பண்ணியும் முடி நெளிஞ்சு நெளிஞ்சு பறக்கும். அதுக்குத்தான் சுடுதண்ணி. ஆனா இங்க நிதானம் வேணும், ஏன்னா எல்லா பிளாஸ்டிக் நூலும் ஒண்ணு இல்ல. சரான்னு ஒரு வகை, முதல் பார்பிங்களுக்கு அதுதான், வழுவழுன்னு கனமா தொங்கும், சுடுதண்ணி தாங்கும், போட்ட ஸ்டைல் நிக்கும். நைலான் ரொம்ப மினுமினுக்கும், அதுவும் தாங்கும். கனெகலான்னு ஜப்பான்காரங்க கொண்டு வந்தது, நம்ம சவுரி மாதிரி மெத்துனு இருக்கும், சூடு அதிகமானா சுருங்கி முறுக்கிக்கும். பாலிப்ரொப்பிலின் மெழுகு தடவின மாதிரி இருக்கும், எப்படி மடிச்சாலும் அப்படியே நிக்கும், மலிவான பொம்மைக்கு அதுதான், அதுல பெரிய அழகை எதிர்பாக்காதீங்க. பாத்து கண்டுபிடிக்கத் தெரியலைன்னா பிடரியில உள் வரிசையில இருந்து அஞ்சாறு இழை வெட்டி கொதிச்ச தண்ணியில போடுங்க. சுருங்கினா வெதுவெதுப்பு மட்டும், நேரானா தைரியமா போகலாம்.

தண்ணி கொதிச்சதும் அடுப்பை அணைச்சு ரெண்டு நிமிஷம் ஆற விட்டு முடியை மட்டும் பத்து செகண்ட் முக்கி எடுத்து சீவுங்க, உடனே பச்சைத் தண்ணியில காட்டுங்க, சூட்டுல இளகினது குளிர்ச்சியில அப்படியே நிக்கும். கையை சுட்டுக்காதீங்க, இந்த வேலையை பொண்ணு தூங்கினப்புறம் பண்ணுங்க. சுருள் வேணும்னா ஜூஸ் ஸ்ட்ராவுல ஈர முடியை சுத்தி நூல் கட்டி இதே மாதிரி சுடுதண்ணியும் பச்சைத் தண்ணியும் காட்டி, ரெண்டு நாள் காய விட்டு அவிழுங்க.

ஸ்ட்ரெயிட்னர் வேண்டவே வேண்டாம். தண்ணி 100 டிகிரிக்கு மேல போகாது, ஸ்ட்ரெயிட்னர் சாதாரணமா 180, 200ன்னு போகும், ஒரு இழுப்புல முடி உருகி தகடா ஒட்டிரும், அதுக்கு வைத்தியமே கிடையாது, வெட்டி எடுக்குறதுதான்.

நெளி முடியோட வந்த பொம்மைக்கு சுடுதண்ணி கூடாதுன்னும் சொல்லணும். 1992ல டோட்டலி ஹேர் பார்பின்னு வந்துச்சு, காலு வரைக்கும் முடி, முழுக்க நெளி நெளியா இருக்கும், ஒரு கோடிக்கு மேல வித்த பொம்மை. அதுல ஒண்ணு எனக்குக் கிடைச்சப்போ ஆசை ஆசையா சுடுதண்ணியில முக்கினேன், எடுத்துப் பாத்தா அந்த நெளி முழுக்க போயி கம்பி மாதிரி தொங்குச்சு. அந்த பொம்மைக்கு அழகே அந்த நெளிதான். இன்னைக்கும் அதைப் பாத்தா வலிக்குது. அந்த மாதிரி முடிக்கு பச்சைத் தண்ணி, விம், பொறுமை, அவ்ளோதான்.

எல்லாம் முடிச்சதும் தலைக்குள்ள தண்ணி இருக்கும், வேர் ஓட்டை வழியா போயிருக்கும். குலுக்கிப் பாத்தா சத்தம் கேக்கும். அதோட விட்டா உள்ள பூஞ்சை பிடிச்சு வாடை வரும். தலைகீழா பிடிச்சு தலையை மெதுவா அமுக்கி அமுக்கி விடுங்க, துணியில சுத்தி நிழல்ல ஃபேன் காத்துல ரெண்டு நாள். வெயில்ல போட்டா முடி நிறம் வெளுக்கும்.

காஞ்ச அப்புறமும் வேர்ப் பக்கம் மட்டும் பிசுபிசுன்னு இருந்தா அது எண்ணெய் இல்லாம பசையா இருக்கலாம். முடி கழண்டு வராம இருக்க தலைக்குள்ள பசை விட்ட பொம்மைங்க உண்டு, வருஷம் போகப் போக அது ஓட்டை வழியா வெளிய கசியும். புதுசா வந்த பொம்மைங்கள்லதான் இதை அதிகம் பாக்குறேன். விம்ல கழுவி, காஞ்சதும் வேர்ல டால்கம் பவுடர் தட்டி சீவிட்டா சில மாசம் தாங்கும், திரும்ப வரும், திரும்ப செய்யணும்.

நுனி கருகின மாதிரி சுருண்டு நின்னா கால் இஞ்ச் கத்திரிச்சுடலாம், அதுக்கு மேல கத்தரியைத் தொடாதீங்க, வெட்டினது வளராது. வழுக்கை விழுந்த இடம் இருந்தா சரான் நூல் வாங்கி ஊசியால ஓட்டை ஓட்டையா திரும்ப நடலாம், முழு தலைக்கு நாள் கணக்காகும், உங்க பொம்மைக்கு அது தேவைப்படாதுன்னு நினைக்கிறேன்.

பொண்ணு கையில குடுக்குறப்போ அந்த ஸ்டீல் சீப்பையும் சேர்த்து குடுத்து, நுனியில இருந்து சீவணும்னு காட்டிக் குடுங்க. சடை போட ரப்பர் பேண்ட் வேண்டாம், பூ கட்டுற நூல்ல ரெண்டு சுத்து சுத்தி முடிச்சு போட்டா போதும். எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் எட்டாத இடத்துல வெச்சிருங்க.