மாவடு, பிடிகருணை, முருங்கைக்காய்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மார்கழியில் முருங்கைக்காய் யானை விலை விற்கிறது. அது இல்லாமல் சாம்பார் ருசிக்கவில்லை. என்ன செய்வது?

வாங்காதீர்கள். மழையிலும் பனியிலும் பூ கொட்டிப்போய் காய் பிடிக்காது, அதனால்தான் அந்த விலை. பங்குனி பிறந்தால் கட்டுக்கட்டாக வந்து இறங்கும், அப்போது ஆசை தீரச் சாப்பிடலாம். மார்கழியும் தையும் பச்சை மொச்சைக்கான மாதங்கள். மொச்சையும் நாட்டுக் கத்தரிக்காயும் போட்டு ஒரு புளிக்குழம்பு வைத்துப் பாருங்கள். இன்ன குழம்பு என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கடைக்குப் போவதைவிட, அங்கே எது குவிந்து கிடக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வதுதான் என் வழக்கம்.

போன வருஷம் போட்ட மாவடு பத்தே நாளில் பூசணம் பிடித்துவிட்டது. உடம்புக்கு நல்லது என்று உப்பைக் குறைத்தேன், அதனாலா?

அதேதான். மாவடுவில் உப்பு ருசிக்காக மட்டும் இல்லை, கெடாமல் காப்பதே அதுதான். ஒரு கிலோ வடுவுக்கு 150 முதல் 200 கிராம் கல் உப்பு வேண்டும். உப்பு அதிகம் வேண்டாம் என்றால் நாளுக்கு ஒரு வடுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஜாடியில் போடும் உப்பில் கை வைக்காதீர்கள்.

மாசிக் கடைசியிலிருந்து பங்குனி வரை வருகிற, அடிபடாத, கெட்டியான வடுவாகப் பொறுக்குங்கள். காம்பை ஒட்ட ஒடிக்காமல் கொஞ்சம் விட்டுவைத்துக் கழுவி, துணியில் பரப்பி நிழலில் ஈரம் துளிகூட இல்லாமல் உலர்த்த வேண்டும். இதில் அவசரப்பட்டுத்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு ஸ்பூன் விளக்கெண்ணெயைப் புரட்டி, உப்பும் மஞ்சள்தூளும் சேர்த்து ஜாடியில் போட்டு, தினமும் இரண்டு தடவை குலுக்கிவிட்டால் நாலைந்து நாளில் தோல் சுருங்கித் தண்ணீர் விட்டுக்கொள்ளும். அந்தத் தண்ணீரிலேயே கொஞ்சம் எடுத்து, கடுகையும் காய்ந்த மிளகாயையும் அரைத்துக் கலந்துவிடுங்கள். வேறு தண்ணீர் வேண்டவே வேண்டாம். வடு எப்போதும் உப்புத் தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும், மேலே மிதக்கிற வடுவில்தான் முதலில் பூசணம் வரும். பஞ்சு மாதிரிப் படர்ந்துவிட்டால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடாதீர்கள், மனசு வராவிட்டாலும் கொட்டிவிடுங்கள்.

கருணைக்கிழங்கு சாப்பிட்டால் நாக்கு அரிக்கிறது. புளி போட்டும் அரிக்கிறதே?

எந்தக் கருணை? சென்னைப் பக்கம் சேனையையே கருணை என்பார்கள், தெற்கே சின்னதாக இருக்கும் பிடிகருணைக்குத்தான் அந்தப் பெயர். அரிப்புக்குக் காரணம் இரண்டிலும் ஒன்றுதான்: ஊசி மாதிரியான கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள். புதிதாகத் தோண்டிய கிழங்கில் அரிப்பு தூக்கலாக இருக்கும், அதனால் வாங்கியதும் சமைக்காமல் காற்றோட்டமாக இரண்டு மூன்று வாரம் போட்டுவைத்துப் பாருங்கள். பிடிகருணையை அரிசி கழுவிய தண்ணீரில் தோலோடு நன்றாகக் குழைய வேகவைத்து, தோலை உரித்து மசித்து, புளித்தண்ணீரில் கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காடாக இறக்கினால் எவ்வளவு புளி ஊற்றினாலும் அரிக்கத்தான் செய்யும். சேனையை நறுக்கும் முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

வாழைப்பூ ஆய்ந்து முடிப்பதற்குள் கறுத்துவிடுகிறது.

பக்கத்திலேயே மோர் கலந்த தண்ணீரை வைத்துக்கொண்டு நறுக்க நறுக்க அதில் போடுங்கள். ஒவ்வொரு பூவிலும் தலை தடித்த நரம்பையும், கண்ணாடி மாதிரி இருக்கும் சின்ன மடலையும் எடுத்துவிட வேண்டும். உள்ளே போகப் போக இளசாகிவிடும், நடுக் குருத்தை அப்படியே நறுக்கலாம்.

சித்திரை, வைகாசியில் நல்ல மீனே கிடைப்பதில்லையே?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம் அது. அதனால் வஞ்சிரம்தான் வேண்டும் என்று ஐஸில் பல நாள் கிடந்ததை அதிக விலைக்கு வாங்காதீர்கள். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. கரையோர ஊர்களில் இருப்பவர்கள் காலையிலேயே போனால் அன்றன்று பிடித்த சின்ன மீன் கிடைக்கும். கடல் இல்லாத ஊர்களில் ஏரி, அணை மீன் இருக்கிறது, கெண்டையை மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தால் நன்றாக இருக்கும். எனக்கு அந்த இரண்டு மாதமும் கருவாட்டுக் காலம்தான், ஏனென்றால் மாங்காயும் அப்போதுதான் மலிவு. நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் இரண்டு மூன்று தடவை அலசி மணல் போக்கி, குழம்பு கொதித்து வற்றும்போது கருவாட்டையும் புளிப்பு மாங்காய்த் துண்டுகளையும் போடுங்கள். புளியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், உப்பைக் கடைசியில் ருசி பார்த்துவிட்டுச் சேருங்கள்.