கர்ப்பமாக இருக்கும் தங்கையைக் கணவர் அடிக்கிறார், பிள்ளை பிறந்ததும் மாறிவிடுவாரா?

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் உங்கள் தங்கைக்கு ஆறு மாதம், கணவர் கைநீட்டுகிறார், 'பிள்ளை முகம் பார்த்தால் திருந்திவிடுவான்' என்கிறார் மாமியார் என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகும் அடி தொடர்வதுதான் வழக்கம்.

வயிற்றில் அடிபட்டால் வெளியே காயம் தெரியாமலே நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து விலகலாம். இரத்தக்கசிவு, விடாத வயிற்றுவலி, நீர் கசிவது, பிள்ளையின் துடிப்புக் குறைவது, இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. கழுத்தை நெரித்திருந்தால் இன்னும் மோசம். உயிருக்கே ஆபத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடியில்லாமல் ஓயாத பயம் மட்டும் இருந்தாலும் குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் வாய்ப்புக் கூடும்.

உதவி கேட்கக் கர்ப்பகாலக் கிளினிக்தான் நல்ல வாசல். கணவரோ மாமியாரோ கூடவே வருவார்கள், அதுதான் சிக்கல். சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகும்போதோ எடை பார்க்கும்போதோ, "தனியாகக் கதைக்க வேண்டும்" என்று மிட்வைஃபிடம் சொன்னால் போதும். பல அரச ஆஸ்பத்திரிகளில் இப்படி வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்றே 'நட்பு நிலையம்' என்ற பிரிவு இருக்கிறது.

இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை, அதாவது தங்கையைத் துன்புறுத்தக் கூடாதென்று கணவருக்கு இடும் உத்தரவு, கேட்கலாம். விவாகரத்துக் கேட்க வேண்டியதில்லை. பொலிஸாரும் தங்கை சார்பில் விண்ணப்பிக்கலாம். மகளிர் உதவி இலக்கம் 1938, அவசரத்துக்கு 119.

அப்புறம் ஒன்று: தங்கையின் போனைக் கணவர் பார்ப்பாரென்றால் இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். நேரில் சொல்லுங்கள். அடையாள அட்டை, கிளினிக் அட்டை, கொஞ்சம் காசு உங்களிடம் இருக்கட்டும். எப்போது கிளம்புவது என்பதை மட்டும் தங்கையே முடிவு செய்யட்டும்.