ஒரே தேர்வு, ஒரே சம்பளம்: சிறைக் காவலர் வேலையை ஏன் ஒதுக்குகிறீர்கள்?

மதுரைப் பக்கமிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். பையன் பிளஸ் டூ முடித்துவிட்டு, சீருடைப் பணியாளர் தேர்வு எழுதி சிறைத் துறைக்குத்தான் போவேன் என்று நிற்கிறான். தாய்மாமா, "எட்டு லட்சத்துக்கு நான் ஏற்பாடு பண்றேன், மேனேஜ்மென்ட் சீட்ல இன்ஜினியரிங் போடுங்க" என்கிறார். ஏற்பாடு என்றால் என்ன என்று பார்த்தால், இவர்கள் வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பது. சித்தப்பா வேறு, "போலீஸ்னாகூட பரவாயில்ல, ஜெயில் வார்டனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்" என்று கிளப்பிவிட்டிருக்கிறார். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

உங்கள் கவலை புரிகிறது ஐயா. ஆனால் நான் ஆறுதல் சொல்லி நேரம் போக்கப் போவதில்லை. பையன் ஒரு தடவைகூடக் கேட்காத படிப்புக்காகக் குடியிருக்கும் வீட்டை அடகு வைக்காதீர்கள். பத்திரம் வெளியே போகக் கூடாது, மாமா எவ்வளவு கோபித்துக்கொண்டாலும் சரி. நாலு வருஷம் கழித்து வட்டி கட்டப் போவது மாமா இல்லை.

அடுத்து சித்தப்பா. இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலைச் சிறைக் காவலர், தீயணைப்பாளர், மூன்றுக்கும் ஒரே பொதுத் தேர்வுதான். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தமிழ்த் தகுதித் தேர்வு 80 மதிப்பெண், அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் முதன்மைத் தாளையே திருத்துவார்கள். முதன்மைத் தேர்வு 70, உடல்திறன் 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், அப்புறம் கயிறு ஏற வேண்டும். சம்பள விகிதமும் மூவருக்கும் ஒன்றுதான், 18,200-லிருந்து 67,100 வரை, படிகள் தனி. போலீஸ் என்றால் மரியாதை, சிறைக் காவலர் என்றால் இளக்காரம் என்பதெல்லாம் ஊர்ப் பேச்சு. இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள்: தமிழ்நாடு சிறப்புக் காவல் படையில் சேருகிறவர்களில் ஒரு பகுதியினரை டெல்லி திகார் சிறைக் காவலுக்கே அனுப்புகிறார்கள். போலீஸில் சேர்ந்தும் சிறை வாசலில் நிற்க வேண்டி வரலாம், அதுவும் வேற்று ஊரில்.

சிறைக் காவலர் வேலை என்ன என்று பலருக்கும் தெரியாததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காலையில் அறைகளைத் திறந்து தலைகளை எண்ணுவது, மாலையில் உள்ளே விட்டு மறுபடி எண்ணுவது, கணக்கு ஒன்று குறைந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இடையில் கேட் சோதனை, மனு போட்டுக் கைதியைப் பார்க்க வரும் குடும்பங்கள், தறியும் தையலும் நடக்கிற தொழிற்கூடம், இரவு ரோந்து. கோர்ட்டுக்குக் கைதியைக் கூட்டிப் போவது ஆயுதப்படை போலீஸ், சிறைக் காவலர் பெரும்பாலும் மதிலுக்குள்தான். பிளாக்குக்குள் கையில் துப்பாக்கி இருக்காது, பேச்சும் நிதானமும்தான். விசாரணைக் கைதியாக முதல் நாள் உள்ளே வந்து அழுகிற பையனையும், பத்து வருஷமாக உள்ளே இருக்கிறவரையும் ஒரே ஆள் ஒரே ஷிப்டில் கையாள வேண்டும். உங்கள் மகன் பொறுமைசாலி, தெருச் சண்டையைக்கூடப் பேசியே விலக்கி வைப்பான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குணத்துக்கு இங்கே வேலை இருக்கிறது. புழல், வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை என்று மத்திய சிறைகள் இருக்கின்றன. வேலூரில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா அரசுகள் சேர்ந்து 1979-ல் தொடங்கிய சிறை நிர்வாகப் பயிற்சி நிலையமும் இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே தொலைநிலையில் டிகிரி முடித்தால் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் உதவி சிறை அலுவலர் தேர்வை எழுதலாம்.

குறையையும் மறைக்க மாட்டேன். மாநில அரசின் அதிகாரத்தில் வரும் விஷயங்களை அடுக்கும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் போலீஸ் 2-வது பதிவு, சிறை 4-வது பதிவு, இரண்டும் தனித்தனித் துறை. அதனால் போலீஸுக்கு ஒரு சலுகை அறிவித்தால் அது தானாகச் சிறைக் காவலருக்கு வந்துவிடாது, தனி ஆணை வேண்டும். 2021-ல் போலீஸ்காரர்களுக்கு வார ஓய்வு அறிவித்தபோது பேசப்பட்டதெல்லாம் காவல் நிலையத்தைப் பற்றித்தான். எஸ்.ஐ. தேர்வில் காவல் துறையில் இருப்பவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு, சிறைக் காவலர் வெளியாள் மாதிரி பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும். உங்கள் மகனுக்கு எஸ்.ஐ. ஆசை இருந்தால் இதை இப்போதே யோசிக்கட்டும். பொங்கலுக்கு அறிவிக்கும் முதலமைச்சர் பதக்கம் மட்டும் போலீஸ், தீயணைப்பு, சிறை மூன்றுக்கும் உண்டு. பதக்கத்தில் சமமாகப் பார்க்க முடிகிற அரசால் ஓய்விலும் படியிலும் பதவி உயர்விலும் ஏன் முடியாது? சிறைச் சீர்திருத்தத்துக்காக மத்திய அரசு அமைத்த நீதிபதி முல்லா குழு சிறை ஊழியர்களைப் போலீஸுக்கு நிகராக நடத்தச் சொல்லி 1983-ல் அறிக்கை கொடுத்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. துப்பாக்கி இல்லாமல் கொலைக் கைதியோடு ஒரே முற்றத்தில் நிற்கிறவருக்கு ஆபத்து குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். இந்தச் சலுகைகள் வர வேண்டும், கேட்டு வாங்க வேண்டும். ஆனால் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் மட்டும் சேரக் கூடாது. இன்று இருக்கிற சம்பளமும் வேலையும் பிடித்தால்தான் சேர வேண்டும்.

இடங்களும் குறைவு. 2025 அறிவிப்பில் மொத்தம் 3,665 இடம், அதில் சிறைக் காவலர் 180. 2023-ல் 86 மட்டுமே. ஆகவே சிறை கிடைக்காவிட்டால் போலீஸோ தீயணைப்போ சம்மதமா என்று மகனிடம் முன்கூட்டியே கேளுங்கள். அவனே சொல்லட்டும், நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

செலவு விஷயத்தில் கறாராக இருங்கள். விடுதியோடு கோச்சிங் என்று பெருந்தொகை கேட்டால் வேண்டாம். இந்தத் தேர்வுக்கு ஆறாவது முதல் பத்தாவது வரையிலான சமச்சீர்ப் புத்தகங்கள், பழைய வினாத்தாள்கள், ஓட ஒரு மைதானம் போதும். கூடவே இந்த வருஷமே அரசுக் கல்லூரியிலோ தொலைநிலையிலோ ஒரு டிகிரியில் சேர்த்துவிடுங்கள், தேர்வு தள்ளிப் போனாலும் வருஷம் வீணாகாது. உயரத்தை முதலில் அளந்து பாருங்கள்: பொதுப் பிரிவு, பி.சி., எம்.பி.சி. ஆண்களுக்கு 170 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. என்றால் 167. அதில் குறைந்தால் எவ்வளவு படித்தும் பயனில்லை.