பழைய பைக்குக்கு எந்த முலாம் போட்ட போல்ட் வாங்குவது?

கேள்வி: 1960-களில் வந்த ஒரு பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளை முழுக்கப் பிரித்துப் போட்டுச் சீர்செய்து வருகிறேன். போல்ட், நட்டு எல்லாம் துருவேறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிடு, துருத் தொல்லையே இருக்காது என்கிறார் ஒரு நண்பர். ஜிங்க் முலாம்தான் சரி என்கிறார் மெக்கானிக். எதை வாங்கலாம்?

பதில்: மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அதற்கு முன், கழற்றிய போல்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தலைக்கு அடியில் வாஷர் மூடியிருந்த இடத்தை எண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். பழைய முலாம் அங்கே மட்டும் பிழைத்திருக்கும். பளபளப்பில்லாத மங்கிய வெள்ளி நிறம் தெரிந்தால் அது காட்மியமாக இருக்கலாம்; அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகளில் அது சகஜம். காட்மியம் கடுமையான நச்சு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், நெருப்பு காட்டிக் கழற்றாதீர்கள். தூசியும் புகையும் நுரையீரலுக்குள் போகக்கூடாது. அதே தோற்றம் வேண்டுமென்றால், நிறமில்லாத பாசிவேஷன் (ஜிங்க்கின் மேல் போடும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு) செய்த, பளபளப்பு குறைவான ஜிங்க் முலாம் கிட்டத்தட்ட ஒத்துப்போகும்.

சரி, ஸ்டெயின்லெஸ் ஏன் வேண்டாம்? முதல் காரணம் பலம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட் சுமார் 450 மெகாபாஸ்கல் (இழுவிசை அழுத்தத்தின் அளவு) வந்தாலே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். 8.8 என்ற பலத் தரக் குறியைத் தலையில் பொறித்த எஃகு போல்ட் 640 வரை தாங்கும். எஞ்சின் மவுண்ட், பிரேக், ஆக்சில் பக்கம் இந்த வித்தியாசத்தோடு விளையாடக்கூடாது.

இரண்டாவது, அலுமினியம். கிராங்க்கேஸின் (எஞ்சினின் அலுமினியக் கூடு) மூடிக்கு நான் ஒரு முறை ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டேன், கிரீஸ் எதுவும் தடவாமல். ஒரு மழைக்காலம் கழித்துக் கழற்றியபோது திருகத் திருக மரையோரத்தில் சுண்ணாம்புப் பொடி மாதிரி வெள்ளையாக உதிர்ந்தது. கடைசியில் ஸ்க்ரூ வெளியே வந்தது, அலுமினிய மரையையும் சுற்றிக்கொண்டு. ஈரம் பட்டால் இந்த இரண்டு உலோகங்களில் அலுமினியம்தான் அரிக்கப்படும். மூடிக்கு ஸ்டெயின்லெஸ்தான் வேண்டும் என்றால் ஆன்ட்டி-சீஸ் (மரைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் மசகு) தடவாமல் முறுக்காதீர்கள்.

ஜிங்க் வேலை செய்யும் விதமே வேறு. அது தன்னை அரிக்கக் கொடுத்து எஃகைக் காப்பாற்றும். ஸ்பேனர் பட்டுச் சிறு கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள ஜிங்க் அந்த இடத்தைக் காக்கும். நிக்கலும் குரோமும் அப்படியில்லை, வெறும் போர்வைதான். ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், உள்ளே துரு பரவி முலாம் செதில் செதிலாக எழும்பும். கண்ணில் படும் இடங்களுக்குக் குரோம் நட்டு அழகுதான், ஆனால் அடிக்கடி கழற்றும் இடத்தில் போடாதீர்கள்.

வாங்கும்போது முலாமின் தடிமனைக் கேளுங்கள். மரை உள்ள போல்ட்டுக்கு 5 முதல் 8 மைக்ரான் என்பது வழக்கமான அளவு. மரையின் சரிவான இரண்டு பக்கமும் முலாம் ஏறுவதால், 8 மைக்ரான் பூசினால் மரையின் நடுவிட்டம் அதைப்போல நான்கு மடங்கு, அதாவது சுமார் 0.03 மில்லிமீட்டர், கூடிவிடும். அதிகம் பூசினால் நட்டு பாதியில் சிக்கும். அப்புறம் டை (மரை வெட்டும் கருவி) விட்டுச் சீவினால் காசு கொடுத்துப் போட்ட முலாமே போய்விடும்.

பழைய போல்ட்டையே பட்டறையில் முலாமுக்குக் கொடுக்கிறீர்களா? தலையில் 10.9 அல்லது 12.9 (8.8-ஐ விடப் பலம் கூடிய தரங்கள்) என்று இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அமிலத்தில் கழுவும்போதும் முலாம் ஏற்றும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். முறுக்கி வைத்த சில நாளில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தலை தெறித்துப் போகும். முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரியில் பல மணி நேரம் சுட்டு எடுத்தால் ஆபத்து குறையும். அதைச் செய்கிறார்களா என்று கேளுங்கள். தெளிவான பதில் வராத பட்டறையில் அந்த போல்ட்டுகளைக் கொடுக்கவே வேண்டாம். 12.9-ஐப் பொறுத்தவரை மின்முலாமே வேண்டாம் என்பேன்.

இன்னொன்று, மரை வகை. உங்கள் வண்டியில் கால் அங்குல சைக்கிள் மரையும் (பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் ஒரு மரை வகை) இருக்கலாம், பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் ஃபைன்) மரையும் இருக்கலாம். இரண்டுக்கும் அங்குலத்துக்கு 26 சுற்றுதான். ஆனால் சைக்கிள் மரையின் கோணம் 60 டிகிரி, மற்றது 55. ஒன்றில் ஒன்று ஏறிவிடும், பிடிப்பு இருக்காது. கையால் திருகிப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று முடிவு செய்யாமல், மரை கேஜ் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: எக்ஸாஸ்ட் பைப்பைப் பிடிக்கும் ஸ்டட்டுக்கும் (தலையில்லாத மரைக் கம்பி) ஜிங்க் போதுமா?

பதில்: போதாது. அந்தச் சூட்டில் பாசிவேஷன் பூச்சு சீக்கிரம் பாழாகும், ஜிங்க்கும் நிலைக்காது. எஃகு ஸ்டட், அதற்குப் பித்தளை நட்டு, நடுவில் அதிக வெப்பம் தாங்கும் ஆன்ட்டி-சீஸ். அடுத்த முறை கழற்றும்போது ஸ்டட் உடையாமல் நட்டு மட்டும் வரும்.