வாசகர் கேள்வி: பித்தப்பைக் கல்லோடு இன்னும் எத்தனை இரவுகள்?

இந்தக் கிழமை வந்த கடிதங்களில் மூன்று பித்தப்பைக் கல்லைப் பற்றியவை. முதலாவதை ஏறக்குறைய முழுமையாகவே தருகிறேன். இதை எழுதியவரைப் போலவே எத்தனையோ பெண்கள் தோட்டத்து லய வீடுகளில் நடுஇரவில் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள்.

கேள்வி: அன்புள்ள சிஸ்டர் அக்காவுக்கு, எனக்கு 46 வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். இரண்டு வருடங்களாக மேல்வயிற்றில் ஒரு வலி வருகிறது. பெரும்பாலும் இரவில்தான். பத்து, பதினொரு மணிக்கு வலப்பக்க விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகில் தோள்பட்டைவரை ஏறும். படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. பிள்ளைகள் விழித்துவிடாமல் காம்பராவுக்குள் நடந்துகொண்டே இருப்பேன். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் தானாக விட்டுவிடும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போய்விடுவேன். வாய்வு என்றார்கள், காஸ்ட்ரைட்டிஸ் என்றார்கள். குளிசை, இஞ்சி, பெருங்காயம் எல்லாம் பார்த்தாயிற்று. போன தீபாவளிக்கு ஆட்டிறைச்சி சாப்பிட்ட இரவு உயிர் போய் வந்தது. அதன் பிறகுதான் ஹட்டனில் ஸ்கேன் எடுத்தோம். பித்தப்பையில் பல கற்கள், பெரியது 14 மில்லிமீற்றர். வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணர் சிங்களத்தில் சொன்னார். எடுக்க வேண்டும் என்பது மட்டும் விளங்கியது. கொப்பியில் திகதி போட்டுத் தந்திருக்கிறார்கள். இப்போது இரண்டு மாதமாக வலி இல்லை. கடவுள் வைத்த உறுப்பை எடுத்தால் சாப்பாடு செரிக்காது என்கிறார் மாமியார். மேட்டு லயத்து அக்கா ஒருவர் இதே சத்திரசிகிச்சை செய்து மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. வேலைக்குப் போனால்தான் எனக்குப் பேர், அதாவது அன்றைய நாட்கூலி. மகளுக்கு உயர்தரப் பரீட்சையும் வருகிறது. போகவா, விடவா?
(பெயர் வேண்டாம்)

பதில்: போங்கள், தங்கச்சி. அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் 31 வருடங்கள் தாதியாக இருந்தவள். அதில் பாதிக்கு மேல் சத்திரசிகிச்சை வாட்டில். உங்களைப் போல் ஒரு லயக் காம்பராவில்தான் பிறந்தேன். என் பித்தப்பையிலும் கல் இருந்தது.

நீங்கள் எழுதியிருக்கும் வலி பாடப்புத்தகத்தில் இருப்பது போன்ற பித்தப்பை வலி. ஈரலுக்குக் கீழே பெயார்ஸ் பழ வடிவில் ஒரு சிறு பை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈரல் சுரக்கும் பித்தநீர் அதில் சேர்ந்து கெட்டியாகும். நாம் கொழுப்பாகச் சாப்பிட்டதும் பை சுருங்கி அதைக் குடலுக்கு அனுப்பும். அப்படிச் சுருங்கும்போது ஒரு கல் வாய்ப்பகுதியில் போய் அடைத்துக்கொண்டால், பை அதை எதிர்த்து அழுத்தும். அதுதான் உங்களைக் காம்பராவுக்குள் நடக்கவைக்கும் வலி. கல் மறுபடி உள்ளே நழுவியதும் வலி போய்விடுகிறது. ஆட்டிறைச்சி இரவு ஏன் அப்படிப் படுத்தியது என்பது இப்போது விளங்கும். வலி இல்லாத இந்த இரண்டு மாதத்திலும் கற்கள் அங்கேயேதான் இருக்கின்றன. ஒருமுறை வலியைக் காட்டிய கல் மறுபடியும் காட்டுவதற்கே வாய்ப்பு அதிகம். அடுத்த முறை அது எங்கே போய் அடைக்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

என் கதையைக் கேளுங்கள். 49 வயதில் எனக்கும் ஸ்கேனில் கல் தெரிந்தது. மூன்று முறை வலி வந்திருந்தது. என் வாட்டில் படுத்த பெண்களிடம் தள்ளிப்போடாதீர்கள் என்று தினமும் சொன்ன நானே பதினொரு மாதம் தள்ளிப்போட்டேன். மூத்த மகளின் கலியாணம் முடியட்டும் என்று நினைத்தேன். கலியாணம் முடிந்து ஒன்பதாம் நாள், உடம்பு தூக்கிப்போடும் அளவுக்கு நடுக்கமும் காய்ச்சலும். கண் மஞ்சள். சிறுநீர் கறுப்புத் தேத்தண்ணீர் நிறம். ஒரு கல் பையை விட்டிறங்கிப் பித்தக்குழாயை அடைத்து, அங்கே கிருமி தொற்றிவிட்டது. வாய் வழியாகக் குழாய்க் கமராவை விட்டு அந்தக் கல்லை எடுத்தார்கள். பிறகுதான் பையை எடுக்க முடிந்தது. மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டியது பத்தொன்பது நாளாயிற்று. புதுமாப்பிள்ளை வீட்டார் பலகாரத் தட்டோடு வாட்டுக்கு வந்து நின்ற காட்சி இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. கலியாணத்துக்காகத் தள்ளிப்போட்டேன். கடைசியில் என் மகள் மறுவீட்டு விருந்துக்குப் பதிலாக என் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். உங்கள் மகளின் பரீட்சையைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. பரீட்சைக் கிழமையில் அம்மாவை அம்புலன்ஸில் ஏற்றும் நிலை அந்தப் பிள்ளைக்கு வரக்கூடாது.

மாமியாரின் பயம் நியாயமானது. அவரிடம் மரியாதையாக இதைச் சொல்லுங்கள். பித்தநீரைச் சுரப்பது ஈரல். அதை யாரும் தொடப்போவதில்லை. பை வெறும் தொட்டி. தொட்டி போனபின் பித்தநீர் நேராகக் குடலுக்குச் சொட்டும், சாப்பாடும் செரிக்கும். சிலருக்குக் கொஞ்ச நாட்கள் வயிறு இளகிப் போகும், அநேகமாகப் பின்னர் சரியாகிவிடும். பேர்லின் நகரில் கார்ல் லாங்கன்புக் என்ற வைத்தியர் 1882இல் முதன்முதலாகப் பித்தப்பையை முழுதாக எடுத்தார். 16 வருடங்களாக வலியால் அவதிப்பட்ட 43 வயது மனிதர் அவர் கையால் குணமாகி வீடு போனார். மாமியாரின் பாட்டி பிறப்பதற்கும் முந்திய சங்கதியாக இருக்கலாம்.

மேட்டு லயத்து அக்காவுக்கு விலாவுக்குக் கீழே நீளமான தழும்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அது வயிற்றைத் திறந்து செய்தது. தசையை வெட்டித் தைத்திருப்பதால் ஆறுவதற்குக் காலம் எடுக்கும். இப்போது பெரும்பாலும் கமரா முறையில் செய்கிறார்கள். 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற வைத்தியர் தொடங்கிவைத்தது. மயக்க மருந்து கொடுத்து, வயிற்றுக்குள் காற்றை நிரப்பி, பொதுவாக நான்கு சிறு துளைகள் வழியாகப் பையை எடுப்பார்கள். ஒன்றிரண்டு நாளில் வீடு. எழுந்ததும் தோள் வலிக்கும். தோளை யாரோ முறுக்கிவிட்டார்கள் என்று பயந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே விட்ட காற்றின் வேலை அது, இரண்டொரு நாளில் போய்விடும். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள்.

ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. அதை மறைக்கமாட்டேன். ஆயிரத்தில் சிலருக்குப் பித்தக்குழாயில் காயம் ஏற்படலாம். உள்ளே ஒட்டிப்போயிருந்தால் கமராவை விட்டுவிட்டு வயிற்றைத் திறக்க நேரிடலாம். வீக்கமும் தொற்றும் வந்தபின் அவசரமாகச் செய்யும்போதுதான் இந்தத் தொல்லைகள் கூடுகின்றன. வலி இல்லாத நாளில் போங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கூலிக்கு வருவோம். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வேலை போகும் நாட்கள்தான் உங்கள் செலவு. கமரா முறை என்றால் வீட்டு வேலைகளை ஒரு கிழமையில் மெல்லத் தொடங்கலாம். ஆனால் தலைக்கயிற்றில் கொழுந்துச் சாக்கைத் தொங்கவிட்டு, சரிவில் ஏறி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போவது வேறு வேலை. அதற்கு நான்கு முதல் ஆறு கிழமை வேண்டும். முந்திப் போனால் துளை போட்ட இடத்தில் குடல் பிதுங்கக்கூடும். உங்கள் பக்கம் தை, மாசியில் வரட்சி வந்தால் கொழுந்து குறையும், பேரும் குறையும். கொப்பியில் உள்ள திகதி அதற்குள் விழுந்தால் நல்லது. சித்திரை, வைகாசியில் விழுந்தாலும் நீங்களாக மாற்றாதீர்கள், வைத்தியரிடம் கேளுங்கள். வெளியேறும்போது எழுதித் தரும் மருத்துவச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். தோட்டத்து வைத்திய ஐயாவிடமும் சங்கத் தலைவரிடமும் இப்போதே பேசுங்கள். வந்தபின் பேசினால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது மொழி. உங்கள் வயிற்றில் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை உங்களுக்கு விளங்கும் மொழியில் கேட்பது உங்கள் உரிமை. அடுத்த முறை மகளைக் கூட்டிப் போங்கள். தமிழ் தெரிந்த தாதியை அழைக்கச் சொல்லுங்கள். கமராவா, திறந்தா? குழாயில் கல் இருக்கிறதா? பிரஷருக்குக் குளிசை எடுப்பவரானால், அதை அன்று காலை குடிக்கலாமா? இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சம்மதப் படிவத்தை ஒருவர் தமிழில் வாசித்துச் சொல்லும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். இதைக் கேட்டதற்காக யாராவது முகம் சுளித்தால், சுளிக்கட்டும். எடுத்த பையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அந்த அறிக்கையையும் மறக்காமல் பெற்றுக்கொள்ளுங்கள்.

அதுவரை பொரியலையும் கொழுப்பு இறைச்சியையும் விடுங்கள். ரொட்டியை எண்ணெய் குறைத்துச் சுடுங்கள். தேங்காய்ப்பாலுக்குப் பதில் பருப்பு, கீரை, மரக்கறி. ஆனால் பட்டினி கிடக்காதீர்கள். வெறும் தேத்தண்ணீரோடு மலைக்குப் போய் மத்தியானம்வரை ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால், பித்தநீர் பையில் தேங்கும். காலையில் ஒரு துண்டு ரொட்டியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

வலி ஐந்தாறு மணித்தியாலத்தைத் தாண்டினாலோ, காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, மலம் வெளிறிப்போனாலோ, வாந்தியோடு வலி முதுகைத் துளைத்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். கடைசியாகச் சொன்னது கணையம் வீங்கியதன் அடையாளமாக இருக்கலாம், உயிரைப் பறிக்கக்கூடியது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயத்தடிவரை வாகனம் ஏறாத தோட்டம் என்றால், பிரதான பாதைவரை உங்களைத் தூக்கிவர யார் யார் என்பதை இன்றே பேசி வையுங்கள். வலி நெஞ்சுப் பக்கம் இறுக்கி வியர்த்துக் கொட்டினாலும் அப்படியே செய்யுங்கள், ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். பித்தப்பைதானே என்று மாரடைப்பைப் பொறுத்துக்கொண்டவர்களையும் நான் வாட்டில் கண்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 58 வயது. சிறுநீர்த் தொல்லைக்காக ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் 9 மில்லிமீற்றர் கல் ஒன்று தெரிந்தது. வலி எதுவும் இல்லை. கொழும்பிலிருக்கும் மகன் உடனே எடுக்கச் சொல்கிறான்.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹப்புத்தளை)

பதில்: ஐயா, உங்களுக்கு நான் நேர்மாறாகச் சொல்கிறேன். எடுக்க வேண்டாம். இப்படித் தற்செயலாகத் தெரியும் கற்களில் பெரும்பாலானவை ஆயுள் முழுக்க ஒரு தொல்லையும் தருவதில்லை. வலியே இல்லாதவருக்கு மயக்க மருந்தின் ஆபத்து எதற்கு? பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, உள்ளே பெரிய தசை வளர்ச்சி இருந்தாலோ, கல் மிகப் பெரிதாக இருந்தாலோ பேச்சு வேறு. ஸ்கேன் அறிக்கையை ஒருமுறை சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டி, அப்படி ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் மகனிடம், வலி வந்தால் ஒளிக்கமாட்டேன் என்று சொல்லுங்கள். அவருக்கு வேண்டியது அந்த வாக்குறுதிதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஒலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் வெளியே வரும் என்கிறார்கள். என் தம்பி குடித்தபோது பச்சை நிறத்தில் கல் கல்லாகப் போனது. வாழைத்தண்டுச் சாறும் குடிக்கலாமா?
(வாசகி, பண்டாரவளை)

பதில்: தம்பி கண்டது பித்தப்பைக் கல் அல்ல. குடித்த எண்ணெயும் சாறும் குடலுக்குள் சேர்ந்து உருண்டு வந்த சவர்க்காரம் அது. இப்படிப்பட்ட உருண்டைகளை ஆய்வுகூடத்தில் சோதித்தே கண்டிருக்கிறார்கள். அவ்வளவு எண்ணெயை ஒரேயடியாகக் குடித்தால் பை பலமாகச் சுருங்கி, உண்மையான கல் போய்க் குழாயை அடைக்கவும் கூடும். வாழைத்தண்டைச் சிறுநீரகக் கல்லுக்காகச் சொல்வார்கள். பித்தநீர் ஓடும் பாதை வேறு, சிறுநீர் ஓடும் பாதை வேறு. வாழைத்தண்டைச் சுண்டிச் சாப்பிடுங்கள், நல்ல உணவு. கல்லைக் கரைக்கும் குளிசை ஒன்று உண்டு. ஆனால் அது சிறிய கொலஸ்ட்ரோல் கற்களுக்கு மட்டும்தான் உதவும். மாதக்கணக்கில் குடிக்க வேண்டும், நிறுத்தியபின் பலருக்குக் கல் திரும்பவும் வந்துவிடுகிறது. தம்பிக்கு வலி இருந்ததனால்தானே எண்ணெயைக் குடித்தார்? அவரை இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். ஆறு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல் போகவேண்டும், அப்போதுதான் பை விரிந்து கல் தெளிவாகத் தெரியும்.